மனசாட்சியின் பள்ளிக்கூடம் – 4: எட்டுக்கு ஒன்று

இதுவரை: 1935 அக்டோபர். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், நிலக்கரிச் சுரங்கங்கள் சூழ்ந்த மைனர்ஸ்வில் என்ற சிற்றூர். அங்கே அரசுப் பள்ளியில் படித்துவந்த பில்லி கோபிடாஸ் என்ற 10 வயதுச் சிறுவனும், அவன் அக்கா 12 வயது லில்லியனும் காலை வேளையில் கொடிக்கு வணக்கம் செலுத்த மறுத்தார்கள். யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறித்தவச் சபையைச் சேர்ந்த குடும்பம் அது. உருவங்களின் முன் பணியக் கூடாது என்ற பத்துக் கட்டளைகளின் வரியை அவர்கள் கொடிக்கும் பொருத்திப் பார்த்தார்கள். நாட்டை நேசிக்கிறேன், கடவுளை அதைவிட நேசிக்கிறேன் என்று பள்ளி நிர்வாகக் குழுவுக்குத் தன் கையெழுத்தில் விளக்கம் எழுதிக் கொடுத்தான் பில்லி. நவம்பர் 6 அன்று இருவரும் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். மளிகைக் கடை நடத்திவந்த தந்தை வால்டர் கோபிடாஸ் வழக்குத் தொடுத்தார். 1938இல் மாவட்ட நீதிபதி ஆல்பர்ட் மாரிஸ் பிள்ளைகளின் பக்கம் தீர்ப்பளித்தார். 1939 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. பள்ளி நிர்வாகம் விடவில்லை. வழக்கு வாஷிங்டனுக்குப் போனது.

இனி...

தீர்ப்பு நாள்

1940 ஜூன் 3, திங்கட்கிழமை. அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் டன்கர்க் கடற்கரையிலிருந்து நேச நாட்டுப் படைகள் கப்பலேறித் தப்பிக்கொண்டிருந்தன. பிரான்ஸ் சரிந்துகொண்டிருந்தது. அடுத்து யார், எப்போது நம் முறை என்ற பயம் அமெரிக்க வீடுகளில் வானொலி வழியாக இரவும் பகலும் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த நாளில்தான் உச்ச நீதிமன்றம் இரண்டு பிள்ளைகளைப் பற்றிய தன் முடிவை அறிவித்தது.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் ஃபீலிக்ஸ் ஃபிராங்க்ஃபர்ட்டர். இவரைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால்தான் கதையின் வலி புரியும். வியன்னாவில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1894இல் அமெரிக்கா வந்து இறங்கியபோது வயது 11. ஆங்கிலம் ஒரு சொல் தெரியாது. நியூயார்க்கின் அரசுப் பள்ளிதான் அவருக்கு மொழியைக் கொடுத்தது, நாட்டைக் கொடுத்தது, ஹார்வர்டு வரைக்கும் ஏற்றிவிட்டது. சிறுபான்மையினரின் உரிமைக்காக வாதாடிப் பெயர் பெற்றவர். எங்கிருந்தோ வந்த பிள்ளைகளை ஒரே நாட்டு மக்களாக வார்த்தெடுக்கும் இடம் பள்ளி என்று மனதார நம்பியவர். அந்த நம்பிக்கையில் பொய் கிடையாது. அவர் வாழ்க்கையே அதற்குச் சாட்சி.

அந்த நம்பிக்கைதான் தீர்ப்பிலும் பேசியது. தேசத்தின் பாதுகாப்புக்கு அடித்தளம் தேச ஒற்றுமை என்றார். அந்த ஒற்றுமையை வளர்க்கக் கொடி வணக்கம் நல்ல வழியா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டியது பள்ளி நிர்வாகங்கள்தான் என்றார். நாடு முழுவதற்கும் ஒரு பள்ளி நிர்வாகக் குழுவாக உச்ச நீதிமன்றம் மாறக் கூடாது என்பது அவர் வாதம். தலைமை நீதிபதி ஹ்யூஸ் உள்ளிட்ட ஏழு பேர் முடிவில் அவருடன் நின்றார்கள்.

எட்டுப் பேர். எதிரே ஒருவர்.

அந்த ஒருவர் ஹார்லன் ஃபிஸ்க் ஸ்டோன். அவரைத் தன் பக்கம் இழுக்க ஃபிராங்க்ஃபர்ட்டர் மே 27 அன்றே நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருந்தார். ஸ்டோன் அசையவில்லை. தன் மறுப்புத் தீர்ப்பை அவர் நீதிமன்றத்தில் உரக்க வாசித்தார். தாங்கள் நம்பாத ஒன்றை, தங்கள் மத நம்பிக்கைக்கு விரோதமான ஒன்றை, வாயால் சொல்லும்படி பிள்ளைகளை அரசு கட்டாயப்படுத்துகிறது. இதை அனுமதித்தால் சின்னஞ்சிறு சிறுபான்மையினரின் உரிமையைப் பெரும்பான்மையின் விருப்பத்துக்கு ஒப்படைத்ததாகும் என்பது அவர் சொன்னதன் சாரம். நாட்டுப்பற்றைக் கற்றுக்கொடுக்க வேறு வழிகளே இல்லையா? வரலாற்றைச் சொல்லிக்கொடுங்கள், அரசியல் சட்டத்தைச் சொல்லிக்கொடுங்கள் என்றார்.

அவர் எச்சரிக்கை உண்மையாகச் சில நாட்கள்கூட ஆகவில்லை.

தெருவுக்கு வந்த தீர்ப்பு

ஜூன் 9. மெய்ன் மாநிலத்தின் கெனபங்க் ஊரில் யெகோவாவின் சாட்சிகளின் வழிபாட்டு இடமான ராஜ்ய மன்றத்துக்கு ஒரு கும்பல் தீ வைத்தது. ஜூன் 16. இல்லினாய் மாநிலம் லிட்ச்ஃபீல்டில் வீடு வீடாகப் பிரசுரம் கொடுக்க வந்த ஏறக்குறைய 60 சாட்சிகளைக் கூட்டம் சூழ்ந்து தாக்கியது. ஜூன் 29. மேற்கு வர்ஜீனியாவின் ரிச்வுட் ஊரில் நடந்தது இன்னும் கொடுமை. துணை ஷெரீப் ஒருவரே முன்னின்று சாட்சிகளைப் பிடித்து வைத்தார். விளக்கெண்ணெயை வலுக்கட்டாயமாகக் குடிக்கவைத்தார்கள். ஒரே கயிற்றில் பிணைத்துத் தெருவில் நடத்திச் சென்று, கொடிக்கு முன்னால் நிறுத்தி உறுதிமொழி வாசித்தார்கள். அந்த அதிகாரி பின்னர் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டார் என்பது ஒன்றுதான் ஆறுதல்.

அந்த ஆண்டு மே முதல் அக்டோபர் வரை 44 மாநிலங்களில், 300க்கும் மேற்பட்ட ஊர்களில், ஏறக்குறைய 1,500 சாட்சிகள் தாக்கப்பட்டதாக அமெரிக்கக் குடிசார் உரிமைகள் சங்கம் கணக்கெடுத்தது. எல்லாவற்றுக்கும் தீர்ப்பு மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. எதிரிக்கு உளவு பார்ப்பவர்கள் நமக்குள்ளேயே இருக்கிறார்கள் என்ற பீதி ஏற்கெனவே ஊரெல்லாம் பரவியிருந்தது. சில தாக்குதல்கள் தீர்ப்புக்கு முன்பே நடந்தவை. ஆனால் தீர்ப்பு அந்தப் பீதிக்கு முத்திரை குத்திக் கொடுத்தது. தென்பகுதி ஊர் ஒன்றில், இவர்களை ஏன் விரட்டுகிறீர்கள் என்று கேட்ட பத்திரிகையாளரிடம் அங்கிருந்த ஷெரீப் சொன்ன பதில் பதிவாகியிருக்கிறது: இவர்கள் துரோகிகள், உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதே, உங்களுக்குத் தெரியாதா?

உச்ச நீதிமன்றம் அப்படிச் சொல்லவே இல்லை. ஃபிராங்க்ஃபர்ட்டர் எழுதியது அதிகார எல்லைகளைப் பற்றிய நுட்பமான வாதம். அது ஊருக்குப் போய்ச் சேரும்போது, அடிக்கலாம் என்ற அனுமதியாக மாறிவிட்டது. சட்டம் பலவீனர்களிடமிருந்து ஓர் அடி விலகி நின்றால், அந்த இடைவெளியில் கும்பல் புகுந்துகொள்ளும். 1940இன் கோடை இந்தப் பாடத்தை அமெரிக்காவுக்குக் கற்பித்தது.

பயந்து அடங்காதவர்களும் இருந்தார்கள். அதிபரின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் நிதானம் காக்கும்படி மக்களைக் கேட்டுக்கொண்டார். அரசின் மூத்த சட்ட அதிகாரி பிரான்சிஸ் பிடில் வானொலியில் கும்பல் வன்முறையைக் கண்டித்தார். நூற்றுக்கும் மேற்பட்ட நாளேடுகள் தீர்ப்பை எதிர்த்துத் தலையங்கம் தீட்டின. அதே நேரத்தில் நாடு முழுவதும் பள்ளிகளின் கதவுகள் சாத்தப்பட்டுக்கொண்டே இருந்தன. 1943க்குள் நீக்கப்பட்ட சாட்சிப் பிள்ளைகள் 2,000க்கும் மேல்.

அதே ஆண்டுகளில் ஜெர்மனியில், ஹிட்லருக்குக் கை உயர்த்தி வணக்கம் சொல்ல மறுத்த இதே சபையினர் ஊதா முக்கோணம் தைத்த உடையோடு வதை முகாம்களில் அடைக்கப்பட்டிருந்தார்கள். இன்னொரு செய்தியும் வாசகர்களுக்குத் தெரிய வேண்டும். அமெரிக்கப் பள்ளிகளில் அப்போது கொடி வணக்கம் என்பது நெஞ்சில் கை வைப்பதல்ல. 1892இல் பிரான்சிஸ் பெல்லமி எழுதிய உறுதிமொழியோடு சேர்ந்து வந்த வழக்கப்படி, வலக்கையைக் கொடியை நோக்கி முழுதாக நீட்ட வேண்டும். நாஜிகளின் வணக்கத்தோடு அதற்கு இருந்த ஒற்றுமை கண்ணுள்ள எவருக்கும் தெரிந்தது.

தோற்றுப்போன வழக்கு அத்தோடு புதைந்திருக்க வேண்டும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பை எளிதில் மாற்றிக்கொள்வதில்லை. அதிலும் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் சொன்னதை! ஆனால் அந்த எட்டுப் பேரில் மூவர் நிம்மதி இழந்திருந்தார்கள்.

மூன்று நீதிபதிகள்

ஹ்யூகோ பிளாக், வில்லியம் டக்ளஸ், ஃபிராங்க் மர்பி. மூவரும் அதிபர் ரூஸ்வெல்ட் நியமித்தவர்கள். தீர்ப்புக்குப் பின் வந்த கோடை விடுமுறையில் பிளாக் மனம் மாறிவிட்டதாக டக்ளஸ் சொன்னபோது, அரசியல் சட்டத்தை மறுபடி படித்தாரா என்று ஃபிராங்க்ஃபர்ட்டர் கேட்டாராம். இல்லை, செய்தித்தாள் படித்தார் என்றாராம் டக்ளஸ். நீதிமன்ற வட்டாரத்தில் பல பத்தாண்டுகளாகச் சொல்லப்பட்டுவரும் உரையாடல் இது. செய்தித்தாளில் அவர் என்ன படித்திருப்பார் என்பதை ரிச்வுட்டும் லிட்ச்ஃபீல்டும் நமக்குச் சொல்லிவிட்டன.

1942 ஜூன் 8 அன்று அந்த மனமாற்றம் வெளியே வந்தது. பிரசுரம் விற்க உரிமக் கட்டணம் வசூலிப்பது பற்றிய வேறொரு வழக்கில் சாட்சிகள் ஐந்துக்கு நான்கு என்று தோற்றார்கள். ஆனால் அந்தத் தோல்விக்குள் ஒரு வெடி இருந்தது. மறுப்புத் தீர்ப்போடு பிளாக், டக்ளஸ், மர்பி மூவரும் தனியாகச் சில வரிகள் சேர்த்திருந்தார்கள். கோபிடாஸ் வழக்கில் பெரும்பான்மையோடு சேர்ந்தது தவறு என்று இப்போது நம்புகிறோம் என்று கையெழுத்திட்டுச் சொன்னார்கள். யாரும் கேட்காமலே, அந்த வழக்கு முன்னால் இல்லாதபோதே, பதவியில் இருக்கும் மூன்று நீதிபதிகள் இப்படி எழுதுவது மிக அபூர்வம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அன்று ஒற்றை ஆளாக நின்ற ஸ்டோன் 1941இல் தலைமை நீதிபதி ஆகியிருந்தார். அவரோடு இந்த மூவர். ஒன்பது பேரில் நான்கு. இன்னும் ஒரே ஒரு வாக்கு வேண்டும். அந்த வாக்கைத் தேட ஒரு வழக்கும் வேண்டும்.

வழக்கு, ரிச்வுட் இருக்கும் அதே மேற்கு வர்ஜீனியாவில் ஏற்கெனவே முளைத்திருந்தது.

தினமும் பள்ளிக்குப் போன இரண்டு சிறுமிகள்

பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. 1942 ஜனவரி 8 அன்று, உச்ச நீதிமன்றத்தில் கோபிடாஸ் பிள்ளைகளுக்காக வாதாடிய சாட்சிகளின் தலைவர் ஜோசப் ரதர்ஃபோர்ட் காலமானார். மறுநாள், ஜனவரி 9 அன்று, மேற்கு வர்ஜீனியாவின் மாநிலக் கல்வி வாரியம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. எல்லா அரசுப் பள்ளிகளிலும் எல்லா ஆசிரியர்களும் மாணவர்களும் கொடி வணக்கத்தில் பங்கேற்றே தீர வேண்டும். மறுப்பது கீழ்ப்படியாமை. தீர்மானத்தின் முகவுரைக்கு வேண்டிய வாசகங்களைப் பெரும்பாலும் ஃபிராங்க்ஃபர்ட்டரின் தீர்ப்பிலிருந்தே எடுத்துக்கொண்டார்கள்.

கை நீட்டும் முறை ஹிட்லரின் வணக்கம் போல இருக்கிறது என்று பெற்றோர் ஆசிரியர் சங்கமும் சாரணர் இயக்கமும் செஞ்சிலுவைச் சங்கமும் ஆட்சேபித்தன. வாரியம் அவர்களுக்காகக் கொஞ்சம் வளைந்து கொடுத்தது. சாட்சிகளுக்காக வளையவில்லை. கொடியை மதிப்பதாக வேறொரு உறுதிமொழி சொல்ல அவர்கள் முன்வந்ததையும் ஏற்கவில்லை.

இந்த விதியின் கொடுக்கு அதன் வாலில் இருந்தது. மறுத்த பிள்ளை நீக்கப்படும். நீக்கப்பட்ட பிள்ளை, பள்ளிக்கு வராத பிள்ளையாகக் கணக்கில் எழுதப்படும். வராத பிள்ளையின் பெற்றோருக்கு 50 டாலர் வரை அபராதம், 30 நாட்கள் வரை சிறை. பிள்ளைகளைச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்புவோம் என்ற மிரட்டல் வேறு. உள்ளே விடமாட்டேன் என்பதும் அரசு. ஏன் வரவில்லை என்று தண்டிப்பதும் அதே அரசு!

சார்ல்ஸ்டன் நகருக்கு அருகே ஸ்லிப் ஹில் தொடக்கப் பள்ளியில் மேரி, கேத்தி என்று இரண்டு சகோதரிகள். தந்தை வால்டர் பார்னெட். பள்ளிக்கு வரவில்லை என்ற குற்றச்சாட்டுக்கு இடம் கொடுக்கக் கூடாது என்பதற்காக அந்தச் சிறுமிகள் காலையில் புறப்பட்டுப் பள்ளிக்குப் போவார்கள். கொடி வணக்கத்துக்கு நிற்கும்போது கை நீட்ட மாட்டார்கள். வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்படுவார்கள். மறுநாள் மீண்டும் போவார்கள். அவர்கள் படிப்பை வெறுத்தவர்கள் அல்ல. பாடத்தை மறுக்கவில்லை, ஆசிரியரை அவமதிக்கவில்லை, கொடி வணக்கம் செலுத்தும் சக மாணவர்களைத் தடுக்கவும் இல்லை. செய்ததெல்லாம் ஒன்றுதான்: கையை நீட்டவில்லை.

பார்னெட் குடும்பமும் இன்னும் இரண்டு குடும்பங்களும் வழக்குத் தொடுத்தன. சாட்சிகளின் இளம் வழக்கறிஞர் ஹேடன் கவிங்டன் பொறுப்பேற்றார். மூன்று நீதிபதிகள் கொண்ட கூட்டாட்சி நீதிமன்றம் விசாரித்தது. தலைமை தாங்கியவர் ஜான் பார்க்கர். 1930இல் உச்ச நீதிமன்றத்துக்குப் பெயர் முன்மொழியப்பட்டு, செனட் வாக்கெடுப்பில் தோற்றவர். எட்டுக்கு ஒன்று என்ற தீர்ப்பு தலைக்கு மேல் இருக்கும்போது, கீழ் நீதிமன்றம் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

1942 அக்டோபர் 6. பார்க்கர் யாரும் எதிர்பாராததைச் செய்தார். கோபிடாஸ் தீர்ப்பில் பங்கேற்று இன்னும் பதவியில் இருக்கும் ஏழு நீதிபதிகளில் நான்கு பேர் அது தவறு என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்கள். அந்தத் தீர்ப்பை இனி நான் பின்பற்ற வேண்டியதில்லை என்று எழுதினார். மேற்கு வர்ஜீனியாவின் விதிக்குத் தடை விழுந்தது. கல்வி வாரியம் நேராக உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்தது.

இப்போது எல்லார் கண்ணும் இரண்டு புதிய நாற்காலிகள் மேல் விழுந்தது. ஒன்றில் ராபர்ட் ஜாக்சன். கோபிடாஸ் தீர்ப்பு வந்தபோது ரூஸ்வெல்ட் அரசின் அட்டர்னி ஜெனரலாக இருந்தவர். போர்க்காலத்தில் அவர் அரசின் பக்கம் சாய்வாரா? இன்னொன்றில், 1943 பிப்ரவரியில்தான் பதவியேற்ற வைலி ரட்லெட்ஜ். மார்ச் 11 அன்று வாதங்கள் முடிந்தன. மூன்று மாதங்கள் நீதிமன்றம் வாய் திறக்கவில்லை.

கொடி நாள்

1943 ஜூன் 14. அமெரிக்கா முழுதும் கொடி நாள் கொண்டாடும் தினம். அன்றுதான் தீர்ப்பு வந்தது. ஆறுக்கு மூன்று. பிள்ளைகள் வென்றார்கள். எழுதியவர் ஜாக்சன்.

மதத்துக்காக ஒரு விலக்கு என்று மட்டும் அவர் எழுதியிருக்கலாம். அதோடு நிற்கவில்லை. எந்த மதத்தைச் சேர்ந்தவராக இருந்தாலும், மதமே இல்லாதவராக இருந்தாலும், மனத்தில் இல்லாததை வாயால் சொல்லவைக்க அரசுக்கு அதிகாரம் இல்லை என்றார். சில உரிமைகள் ஓட்டுப் போட்டுத் தீர்மானிக்கும் விஷயங்கள் அல்ல. அவற்றைத் தேர்தலின் வெற்றி தோல்விக்கு எட்டாத உயரத்தில் வைக்கத்தான் உரிமைச் சாசனமே எழுதப்பட்டது என்றார். கருத்து வேறுபாட்டை வற்புறுத்தி ஒழிக்கப் புறப்பட்டவர்கள், விரைவில் வேறுபடுகிறவர்களையே ஒழிக்கப் புறப்படுவார்கள் என்று எச்சரித்தார். அது 1943. ஐரோப்பாவில் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்பது அந்த வரிகளைப் படித்தவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. இதே ஜாக்சன்தான் இரண்டு ஆண்டுகள் கழித்து நியூரம்பெர்க்கில் நாஜித் தலைவர்கள் மேல் அமெரிக்காவின் தலைமை வழக்கறிஞராக நின்றார்.

பள்ளிகளைப் பற்றி அவர் சொன்னது இந்தத் தொடரின் மையக் கருத்து. குடிமக்களை உருவாக்கும் இடம் பள்ளி என்பதாலேயே அங்கே உரிமைகளை மிகக் கவனமாகக் காக்க வேண்டும். இல்லாவிட்டால் சுதந்திரமான மனத்தை ஊற்றுக்கண்ணிலேயே அடைத்துவிடுவோம் என்றார். வற்புறுத்தி வரவழைத்த சொற்கள், சொல்பவரின் சுயநலத்துக்கு விசுவாசமே தவிர நாட்டுக்கு அல்ல என்று பிளாக்கும் டக்ளஸும் தனியே எழுதினார்கள்.

ஃபிராங்க்ஃபர்ட்டர் மாறவில்லை. வரலாற்றில் அதிகம் தூற்றப்பட்ட, வதைக்கப்பட்ட சிறுபான்மையைச் சேர்ந்தவன் நான், எனக்குச் சுதந்திரத்தின் அருமை தெரியாமல் போகாது என்று தொடங்கி, ஆனாலும் நீதிபதியின் சொந்த விருப்பம் சட்டமாகிவிடக் கூடாது என்று நெடிய மறுப்பு எழுதினார். அவர் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அந்த நேர்மையின் விலையைக் கொடுத்தவர்கள் ரிச்வுட்டில் கயிற்றில் கட்டப்பட்டவர்கள்.

மேரியும் கேத்தியும் பள்ளிக்குத் திரும்பினார்கள். லில்லியனுக்கும் பில்லிக்கும் அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. எட்டு ஆண்டு வழக்குகளில் அவர்களின் பள்ளிப் பருவமே கடந்துபோயிருந்தது. நீதிமன்ற ஆவணங்களில் இரண்டு குடும்பங்களின் பெயர்களையும் பிழையாகவே எழுதிவைத்தார்கள். அந்தப் பிழைகளோடுதான் இன்றும் சட்ட மாணவர்கள் அவற்றைப் படிக்கிறார்கள்.

பக்தியானாலும் நாட்டுப்பற்றானாலும், பயத்தில் பிறந்தால் அது நடிப்பு. பிள்ளைகளுக்கு நடிப்பைக் கற்றுத்தருவது பள்ளியின் வேலை அல்ல. ஒரு நாடு தன் கொடியின் மேல் வைத்திருக்கும் நம்பிக்கையை அளக்க வேண்டுமானால், அதற்குக் கை நீட்டாத பிள்ளையை அது எப்படி நடத்துகிறது என்று பார்த்தால் போதும்.

இந்தத் தீர்ப்பு அமெரிக்காவோடு நின்றுவிடவில்லை. 42 ஆண்டுகள் கழித்து அதன் பக்கங்களை நம் நாட்டில் புரட்ட வேண்டி வந்தது. கேரளத்தின் கோட்டயம் மாவட்டம், கிடங்கூர். யெகோவாவின் சாட்சிகள் குடும்பத்தின் மூன்று பிள்ளைகள். பத்தாம் வகுப்பில் ஒருவர், ஒன்பதில் ஒருவர், ஐந்தில் ஒருவர். காலையில் 'ஜன கண மன' ஒலிக்கும்போது மரியாதையாக எழுந்து நிற்பார்கள், பாட மாட்டார்கள். ஆண்டுக்கணக்கில் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. 1985 ஜூலையில் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் கண்ணில் பட்டது. விஷயம் சட்டமன்றம் வரைக்கும் போனது. விசாரித்த குழு, பிள்ளைகள் சட்டத்தை மதிப்பவர்கள், தேசிய கீதத்தை அவமதிக்கவில்லை என்றே சொன்னது. ஆனாலும் ஜூலை 26 அன்று மூவரும் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதியும் கைவிட்டார், இரு நீதிபதிகள் அமர்வும் கைவிட்டது.

மிச்சம் இருந்தது டெல்லி மட்டுமே. 1986 ஆகஸ்ட் 11 அன்று நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி என்ன எழுதினார் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)